அரையங்குலத்தின் கார்

அரையங்குலத்தின் கார் முதல் தடவை அளக்கப்பட்டபோது பதினேழு அடி இரண்டு அங்குலம் இருந்தது. கடைசித் தடவை அதை அளக்கப் போன வாகன ஆய்வாளர், பின்பக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரப் பதினொரு நாள் ஆயிற்று. இடையில் ஓடியது ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அந்த வண்டிக்குச் சாலையில் ஓட அனுமதி இருந்ததில்லை. அது ஓடாமல் இருந்த நாளும் கிடையாது.

அரையங்குலம் என்பது ஆளின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்று பக்கம் தகரமும் நாலாவது பக்கம் சாலையைப் பார்த்த கதவுமாக இருந்த பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் சேஸி வெட்டி ஒட்டியவர். சேஸி என்றால் வண்டியின் அடியில் கிடக்கிற சட்டம். நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டு, குறுக்கே நாலைந்து துண்டு, அவ்வளவுதான். இன்ஜின், இருக்கை, கதவு, உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எல்லாரும் அதன்மேல்தான் போகிறார்கள். வண்டிக்கு நிறம் மாற்றலாம், இன்ஜின்கூட மாற்றலாம், போய்ச் சொன்னால் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். சேஸியில் மட்டும் தன் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டுமென்றால் முதலில் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும், எவ்வளவு நீளம் என்று எழுத்தில் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் வெட்டும் மெஷினுக்கே கரண்ட் கொடுக்கலாம். ஏனென்றால் வண்டியின் எண் பொறித்திருப்பது சேஸியின் வலது முன்தண்டில். அந்த எண் எந்த இரும்பில் இருக்கிறதோ அதுதான் வண்டி. மற்றதெல்லாம் கூடப் போகிற சாமான்.

இது பட்டறைத் தெருவில் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். தெரிந்தும் எல்லாரும் முதலில் வெட்டுவார்கள், அப்புறம் கேட்பார்கள். ஒட்டிய இடத்தில் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, அதன்மேல் கொஞ்சம் சேறும் பூசி, ஆய்வு நாளன்று வணக்கத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குனிந்து சொல்வார்கள். ஜீப்பைக் குட்டையாக்கிக் கொடுத்தாலும் சரி, வேனுக்கு ஒரு முழம் கூட்டினாலும் சரி, வண்டிக்காரர் தயங்கும்போது அரையங்குலம் சொல்வது ஒரே வாக்கியம்: “அரையங்குலம் முன்னபின்ன இருக்கும், அதுக்கெல்லாம் யாரு கேக்கப் போறாங்க?” பேச்சில்தான் அரையங்குலம். வேலையில் மயிரிழை பிசகியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் மனைவியை டைலரம்மா என்பார்கள். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்தவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். தைக்கும்போது மட்டும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டுத்தான் தைப்பாள். உடம்பு இன்றைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது, பிரித்துவிட இடம் வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளின் முதுகுத்தண்டை ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நோய் அரிக்க ஆரம்பித்தது. முதலில் உட்கார முடியவில்லை. பிறகு ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பலகைமேல் மல்லாந்து நேராகக் கிடந்தால் மூச்சாவது விட முடிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். ஊரில் இருந்ததோ இரண்டு ஆம்புலன்ஸ். ஒன்று எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு பட்டறையில் சக்கரம் இல்லாமல் நிற்கும். இன்னொன்று சாகக் கிடக்கிறவர்களுக்கே போதவில்லை. வெறுமனே வலியில் கிடக்கிறவர்கள் அதன் கணக்கில் வரவில்லை.

அரையங்குலத்திடம் பழைய கார் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து வண்டி, அடியில் தனிச் சேஸி உள்ளது, பதின்மூன்று அடி. அதில் யாரையும் நீட்டிப் படுக்க வைக்க முடியாது. ஒரு காலையில் அவர் மனைவியின் அளவு நாடாவையே எடுத்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவளை அளந்தார். முப்பது வருடத்தில் அவள் யார் யாரையோ அளந்திருக்கிறாள், அவளை யாரும் அளந்ததில்லை. கூச்சத்தில் சிரித்தாள், சிரித்ததில் வலித்தது.

“முதல்ல ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க,” என்றாள்.

“கேட்டா மாசக் கணக்குல இழுப்பாங்க. அரையங்குலத்துக்கு யாரு கேக்கப் போறாங்க?”

“நாலடிங்க அது.”

“அரையங்குலம் அரையங்குலமா சேத்தா எல்லாம் நாலடிதான்.”

“துணின்னா மிச்சத்த உள்ள மடிச்சு விடலாம். இரும்ப எங்கங்க மடிப்பீங்க?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டத்தை மதிக்காத ஆள் என்று பிறகு ஊர் பேசியது. அது பாதி உண்மை. அவளுடைய முனகலைக் கேட்டுக்கொண்டு ஒரு மாதம் ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்க அவருக்குத் தெம்பில்லை. மீதி உண்மை அதுதான். முன்னிருக்கைக்குப் பின்னால் காரை இரண்டாக வெட்டி, ஒரு கைவிடப்பட்ட லாரியின் தண்டிலிருந்து நாலடி இரண்டு அங்குலம் எடுத்து நடுவில் வைத்து, இரண்டு நாளில் ஒட்டி முடித்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒட்டுகளிலேயே அழகானது அதுதான். கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைக்க மனம் வரவில்லை.

பலகையோடு அவளை உள்ளே ஏற்றி, பட்டறையை விட்டு வண்டியை வெளியே எடுத்தார். முன் சக்கரம் சாலையில் இறங்கியபோது அவள் முனகிக்கொண்டிருந்தாள். பின் சக்கரம் இறங்கியதும் முனகல் நின்றுவிட்டது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, வலி எங்கே போயிற்று என்று தேடுகிறவள்போலக் கையால் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது, வலி வந்துவிட்டது. திரும்பும்போது வண்டி நகர்ந்தது, போய்விட்டது. ஒரு வாரத்தில் இருவருக்கும் விஷயம் விளங்கியது. வண்டி சாலையில் ஓடுகிற வரைக்கும் அவளுக்கு வலி இல்லை. நின்றால் உண்டு. டாக்டரிடம் சொன்னார்கள், அவர் தன் சீட்டில் அதை எழுதவில்லை. இரண்டு மாதத்தில் மருந்தால் இனி ஆவதில்லை என்று டாக்டர்களே கைவிரித்துவிட, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேலை ஒழிந்தது. ஓட்ட வேண்டிய வேலை ஒழியவில்லை. விடிந்ததிலிருந்து ஊரைச் சுற்றி ஓட்டினார். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்துவார்; அவள் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு அவர் விழிப்பதற்காகக் காத்திருப்பாள். மூன்றாவது மாதம் அவர் தூங்குவதை விட்டுவிட்டார். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை என்று பிறகு சொன்னார்.

அந்த மாதம்தான், ஆயில் மாற்ற வண்டியை உள்ளே விட்டபோது, பட்டறைக் கதவு சாத்த மறுத்தது. வண்டியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அளவு பிசகிவிட்டதோ என்று அவருக்கு முதலில் வந்தது அவமானம்தான். நாடாவை வைத்துப் பார்த்தார். நாலடி இரண்டு அங்குலம் வைத்த இடத்தில் நாலடி ஒன்பது இருந்தது. ஒட்டில் கீறல் இல்லை, இரும்பு மெலியவில்லை. மறுவாரம் ஐந்தடி நாலு. ஓடின நாளெல்லாம் வளர்ந்தது. நின்ற நேரத்தில் வளரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது.

வாகன ஆய்வாளர் அவரைப் பாலத்தின் இந்த முனையில் பிடித்தார். ஆய்வாளர் ஒல்லியான, வயிற்றுப் புண்காரர். சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும், பேசும்போது சத்தம் வெளியே வராது. ஒட்டிய இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். தட்டினார், கேட்டார். “நல்ல ஒட்டு,” என்றார். பிறகு வண்டியை அலுவலக வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். அங்கே வண்டி நாற்பது நிமிடம் நின்றது. நாற்பது நிமிடமும் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை அலுவலகம் முழுக்கக் கேட்டது; எழுத்தர்கள் பேனாவை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றாவது நிமிடம் ஆய்வாளரே வெளியே வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

“வெட்டறதுக்கு முன்னாடி வந்திருந்தா நானே ஒரு கடிதம் குடுத்திருப்பேன்,” என்றார். “இவ்வளவு நீளம், இதுக்கு மேல கூடாதுன்னு எழுதியிருப்பேன். எழுதின நீளம் எழுதின இடத்துல நிக்கும். நீங்க எழுதாம வெட்டிட்டீங்க. எங்க நிக்கணும்னு அதுக்கு யாரு சொன்னது?”

“இப்ப எழுதுங்க சார்.”

“வெட்டினதுக்கு அப்புறம் எழுதறதுக்கு விதி இல்லியே. மேல கேட்டுப் பாக்கறேன்.”

கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆய்வாளர் ஒரு புள்ளி தவறாமல் நடக்கிறவர். மேலிடத்திலிருந்து பதில் வராமல் ஒரு வரி எழுத அவர் கை ஓடவில்லை. பதில் வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. சிறப்பு நிகழ்வாகக் கருதிப் பதினெட்டு அடி வரை அனுமதிக்கலாம் என்று அதில் இருந்தது. அன்றைக்கு வண்டி காய்கறிச் சந்தையில் திரும்பும்போது அதன் பின்பக்கம் தபால் நிலையத்தைத் தாண்டியிருக்கவில்லை. கடிதத்தைச் சேஸியில் ஒட்டிப் பார்த்தார்கள். மழையில் கரைந்து போயிற்று.

முதல் இரண்டு வருடம் ஊர் கத்தியது. கடைக்காரர்கள் மனு எழுதினார்கள், பஸ் டிரைவர்கள் இவரைக் கண்டால் வாயில் வந்ததைத் திட்டினார்கள். அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. நாற்பது அடிக்கு ஒரு ஜோடிச் சக்கரம் வீதம் அவரே மாட்டிவிட்டார். வளைவுகளில் சேஸி தெருவுக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தது. முன்பக்கம் போனதும் கடையைத் திறந்து, தண்டைத் தாண்டி வந்து சாமான் வாங்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நடைபாலம் ஒன்று கட்டினார்கள். பெட்ரோலுக்கு என்ன செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அவர் டேங்கைத் திறந்து பார்க்கவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஆய்வாளர் அபராதச் சீட்டு ஒன்றை எழுதிக் கொண்டுவந்து, ஓடுகிற வண்டியோடு கூடவே பத்தடி ஓடி, சன்னல் வழியாகக் கொடுத்தார். “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்பார். அவளைத்தான் கேட்கிறார் என்று அரையங்குலத்துக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் நாளைக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் அவளோடு உட்காருவார். பத்து நிமிடம் வலியைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று அவள்தான் கணக்குச் சொல்லியிருந்தாள். தையல் மெஷினின் மேல்பாகத்தைக் கேட்டு வாங்கி, படுத்தவாக்கிலேயே கையால் சுற்றித் தைக்கப் பழகியிருந்தாள். வண்டி நீண்டபோது நடை நீண்டது. நடக்கிற நேரமெல்லாம் வண்டி நிற்கிற நேரம், வண்டி நிற்கிற நேரமெல்லாம் அவளுக்கு வலிக்கிற நேரம். முழங்காலை மடக்கி முப்பத்திரண்டு வருடம் ஒட்டியதில் அவருக்கு முட்டி போயிருந்தது, வேகமாக நடக்கவும் வராது. ஒருநாள் முக்கால் மணி நேரம் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தார். அவள் கடித்திருந்த துணியில் ரத்தம் இருந்தது.

“எதுக்கு வந்தீங்க?”

“பக்கத்துல இருக்கணும் போல இருந்துச்சு.”

“எனக்கும்தான் இருக்கு. ஆனா வலிக்குதுங்க.” அவள் அழுதாள். “போய் ஓட்டுங்க. இனிமே வராதீங்க.”

அவர் திரும்பி முக்கால் மணி நேரம் நடந்தார். அந்த முக்கால் மணி நேரமும் அவள் கத்துவது தண்டு வழியாக அவர் காலுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவர் போகவில்லை. வேறு யாராவது ஓட்டினால் இவர் பின்னால் இருக்கலாமே என்று சொல்லத் தோன்றும். சொன்னார்கள், கேட்டும் பார்த்தார். அனுமதியில்லாமல் சேஸி மாற்றிய வண்டியை யார் ஓட்டினாலும் அவருடைய உரிமம் ரத்தாகும். இவருடையது எப்போதோ ரத்தாகிவிட்டது. ஊரில் ஓட்டத் தெரிந்த அத்தனை பேருக்கும் அந்த உரிமம்தான் சோறு. யாரையும் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஊரைச் சுற்றிப் போகும் சாலை ஒன்பது மைல். நாலாம் வருடம் ஒருநாள் வண்டியின் நீளமும் சரியாக ஒன்பது மைல் ஆயிற்று. அன்று காலை பாலத்தடிச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்து அவர் நிறுத்தியபோது, எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு காரின் பின்கண்ணாடி இருந்தது. தன்னுடைய கார்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கி ஓடினார், அதாவது அவரால் ஓட முடிந்த மாதிரி. அவள் கண்ணைத் திறந்தாள்.

“முடியெல்லாம் நரைச்சுப் போச்சே உங்களுக்கு,” என்றாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது. ஒரு நிமிஷம்தானே, பரவால்ல. கையக் குடுங்க.”

கொடுத்தார். அவள் கையைப் பிடித்த பிடியிலிருந்தே வலி எவ்வளவு என்று தெரிந்தது. சட்டைக் காலரைப் பார்த்து, “இது நான் தைச்சதில்லையே,” என்றாள். அவர் பதில் சொல்லும் முன் விளக்கு பச்சையாகிவிட்டது. பக்கவாட்டில் காத்திருந்த ஆறேழு வண்டிகள் ஹாரன் அடித்தன. “போங்க, திட்டறாங்க,” என்று அவளே கையை விட்டாள். அடுத்த சுற்றில் அதே சந்திப்பில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார். எதிரே தண்டுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒன்பது மைலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. சுற்றுச்சாலையில் இனி இடம் இல்லை என்று அன்றே நெடுஞ்சாலைக்குத் திருப்பினார்.

அதன் பிறகு பின்பக்கத்தை யாரும் சாலையில் பார்க்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மூன்று நாள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சேஸி போய்க்கொண்டே இருந்தது, முடிவு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் எதிர்த்திசையில் தேடிப் போனவர்கள் பெட்ரோல் தீர்ந்து திரும்பினார்கள். ஆய்வாளருக்கு மட்டும் இதில் ஆச்சரியம் இல்லை. எண் பொறித்த முன்பக்கம் பதிவில் இருக்கிறது, அதனால் சாலையில் இருக்கிறது. பதிவில் ஏறாத பாகத்துக்குச் சாலையில் இடம் கிடையாது, இரும்பின்மேலேயே நடந்தால்தான் அங்கே போக முடியும் என்று விளக்கினார். நியாயமாகத்தான் பட்டது. அரையங்குலம் சேஸியின்மேல் ஓட்டுவதற்கென்று தள்ளுவண்டி ஒன்று ஒட்டிப் பார்த்தார். அதற்கும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது ஒரு தெரு நீளத்துக்கு வளர்ந்துவிட்டதால் கழற்றிப் போட்டுவிட்டார்.

பேச்சு கத்தரிக்கோலால் நடந்தது. அவள் தண்டில் ஒருமுறை தட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டு முறை என்றால் வண்டி நின்றுவிட்டதா என்று அர்த்தம். இவர் ஸ்பேனரால் பதில் தட்டுவார். முதலில் தட்டியதும் கேட்டது. பிறகு பதில் வர ஒரு மணி நேரம் ஆனது, பிறகு ஒரு நாள். ஏழாம் வருடத்தில் அவர் கேட்ட ஒவ்வொரு தட்டும் எட்டு நாள் பழையது. எட்டு நாளைக்கு முன் அவள் நன்றாக இருந்தாள் என்பது மட்டும் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஒன்பதாம் வருடம் ஆய்வாளருக்கு ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தது. கோப்பை முடிக்காமல் போக அவருக்கு மனமில்லை. நாடாவும் சுத்தியலும் பிஸ்கட் பையுமாக, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி, முன்னிருக்கையைத் தாண்டி, சேஸியின்மேல் நடக்க ஆரம்பித்தார். போக ஐந்து நாள், வர ஆறு நாள், நடுவில் வளர்ந்துவிட்டது. வந்து அரையங்குலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். படிவத்தில் நீளத்துக்கு மூன்று கட்டம்தான் இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை.

“இருக்காங்க,” என்றார் கடைசியில். “நல்லா இருக்காங்க. வலி இல்ல. பசி ஒண்ணும் பெரிசா இல்லன்னாங்க. அங்க சத்தமே இல்ல, சக்கரம் மட்டும் சுத்துது. உங்க முட்டி எப்படி இருக்குன்னு மூணு தடவ கேட்டாங்க.” பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். “இளைச்சிருப்பாரு, இருந்தாலும் உள்ள மடிச்சு விட்டிருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க.”

அரையங்குலம் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டையைத் திருப்பி உள் தையலைத் தடவிப் பார்த்தார். இரண்டு விரல் துணி இருந்தது. அன்று முழுவதும் அவர் கண் துடைக்காமல் அழுதார். கண் மறைத்ததில் ஒரு மைல்கல்லின்மேல் உரசிவிட்டார், அவர் ஓட்டிய ஒன்பது வருடத்தில் அது ஒன்றுதான் விபத்து.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆய்வாளர் சாலையோரம் நின்று கை காட்டினார். வண்டி மெதுவாயிற்று, ஏறிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து, முப்பத்தாறு வருடம் ஒரு கீறல் படாமல் வைத்திருந்ததை, இரண்டாகக் கிழித்து வெளியே போட்டார்.

“அன்னிக்கே நான் எழுதியிருக்கணும்,” என்றார். “விதி இல்லன்னா என்ன. நாற்பது நிமிஷம் கேட்டுக்கிட்டே நின்னேன். தள்ளி உக்காருங்க, நான் ஓட்டறேன்.”

வண்டி நிற்காமலேயே இருவரும் இடம் மாறினார்கள். அரையங்குலம் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆய்வாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். இரவெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார். வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது, கெட்டுப்போன முட்டியோடு ஒரு மனிதன் எத்தனை இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பான், எல்லாம் அதில் இருந்தது.

“மனசு விட்றாதீங்க. பொய் சொல்ல எனக்கு வராது. நீங்க நடக்கறது, இது வளர்றதவிட ஒரு நாளைக்கு அரையங்குலம்தான் அதிகம்.”

அரையங்குலம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒன்பது வருடத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரிப்பது எப்படி என்று வாய்க்கு மறந்துபோயிருந்ததால் பார்க்க நன்றாக இல்லை.

“போதும் சார்,” என்றார். “ஆனா எழுதும்போது அந்த அரையங்குலத்த விட்றாதீங்க.”

ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னிருக்கையைத் தாண்டி, தன் அழகான ஒட்டின்மேல் கால் வைத்து நடக்க ஆரம்பித்தார். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நெடுஞ்சாலையில் காலையில் முன்பக்கம் போகும்போது ஆய்வாளர் வேக வரம்புக்குள்தான் போகிறார், திரும்பும் இடத்தில் கை காட்டுகிறார், சிவப்பு விளக்கு வரும் சாலைகளைத் தவிர்த்துவிடுகிறார். அவருக்கு இப்போது தூக்கம் வருவதில்லை. மாதத்தின் முதல் தேதி புது ஆய்வாளர் கூடவே ஓடிவந்து அபராதச் சீட்டைக் கொடுக்கிறார், இவர் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்கிறார். தண்டில் ஒரு தட்டு தூரத்திலிருந்தும் ஒரு தட்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. தூரத்துத் தட்டு இரண்டாக ஒருநாளும் வந்ததில்லை. ஆண்டுக் கடைசியில் ஆய்வாளர் பழைய கோப்பின் ஓரத்தில், அரையங்குலம் தன் மனைவியை நோக்கி எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்று எழுதி வைக்கிறார். மூன்று வருடத்துக்குச் சேர்த்து நாற்பத்தைந்து அடி ஏழரை அங்குலம். கடைசி அரையை அவர் விட்டுவிடவில்லை.